அச்சில் வார்த்த ஆலயம்

மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூரில் வளர்ந்த நமக்குக் கோவில் என்றவுடன் கருங்கல்லே நினைவுக்கு வரும். செங்கல்லால் அதற்கு ஈடாக ஒன்று எழும்ப முடியுமோ என்ற ஐயத்தோடுதான், கொத்தனாராய் நாற்பதாண்டுகள் உழைத்து ஓய்ந்திருக்கும் தந்தையாரை இடைக்காட்டூருக்கு அழைத்துச் சென்றோம்.

மதுரையிலிருந்து மானாமதுரை செல்லும் சாலையில் முத்தனேந்தலில் பிரிந்து செல்ல வேண்டும். அங்குள்ள திரு இருதய ஆலயம், பிரான்சிலிருந்து வந்த சேசு சபைத் துறவி பெர்தினாந்து செல் அடிகளாரால் 1894ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது. பிரெஞ்சு மன்னர்கள் முடிசூடிய ரேம்ஸ் பேராலயத்தை மாதிரியாகக் கொண்டது என்பர். கூர்முனை வளைவுகளும் மெல்லிய தூண்களும் சம்மனசுகளின் சுரூபங்களும் அவ்வழி வந்தவையே.

ஆயினும், "சின்ன ரேம்ஸ்" என்று சொல்லிவிட்டுப் போவது நமக்கு உடன்பாடன்று. 1211இல் தொடங்கிய அப்பேராலயத்தில் சிற்பி கல்லைச் செதுக்கினான். இங்கோ வளைவுக்கும் விளிம்புக்கும் உரிய வடிவத்தை, மண் ஈரமாய் இருக்கும்போதே அச்சில் அடக்கியாக வேண்டும். சூளையில் வெந்த பின் திருத்த வழியில்லை. ஏறத்தாழ 200 வகைச் செங்கற்களும் ஓடுகளும் இதற்கெனச் செய்யப்பட்டன என்று கூறப்படுகிறது. அவற்றை அறுத்துச் சுட்ட கைகளின் பெயரை நாம் எங்கும் படித்ததில்லை.

1914 செப்டம்பரில், முதல் உலகப் போரின் குண்டு வீச்சில் ரேம்ஸ் பேராலயம் தீப்பற்றியது. கூரை எரிந்து ஈயம் உருகியது. பழுது பார்த்து மீண்டும் திறக்க 1938 ஆயிற்று. அது எரிந்தபோது இடைக்காட்டூர் ஆலயத்திற்கு வயது இருபது.

தந்தையார் செபித்ததைவிடச் சுவரைத் தடவியதே அதிகம். "ஒரு கல் உதிர்ந்தால் மாற்றுக்கல் யார் செய்வார்?" என்று கேட்டார். நம்மிடம் விடையில்லை. விளிம்புக் கல் ஒன்றைச் சாணாலும் விரற்கடையாலும் அளந்துகொண்டார்.

மறுநாள் காலை பரணிலிருந்து உளிப்பெட்டியை இறக்கச் சொன்னார். கை நடுக்கத்தோடு பலகையில் அச்சுச் செதுக்கி, கண்மாய் மண்ணைக் குழைத்து ஒரு கல் அறுத்தார். பத்து நாள் உலர்ந்ததும் அது அரை விரற்கடை சுருங்கியிருந்தது.

"அச்சைப் பெரிதாக்க வேண்டும்" என்றார். இப்போது இரண்டாவது பலகையைச் செதுக்கிக்கொண்டிருக்கிறார்.