கூரைத் தூளும் குழந்தைத் துணியும்

ஆஸ்பெஸ்டாஸுக்குத் தமிழில் கல்நார் என்று பெயர். பாறையோடு பாறையாகக் கிடைக்கும் கனிமம்; பிரித்தால் பஞ்சு போல நார் நாராக வரும். தீப்பிடிக்காது, மக்காது. அதனால் பாய்லருக்கு உறையாக, வண்டி பிரேக்கில், பள்ளிக்கூட ஆய்வகத்துக் கம்பி வலையில் என்று எங்கும் இடம் பிடித்தது. சிமென்ட்டோடு கலந்து கூரை ஷீட்டாகவும் வந்தது.

எங்கள் போடிநாயக்கனூரில் சமையல்கட்டு, மாட்டுக்கொட்டகை, மாடி அறை, எங்கே பார்த்தாலும் இந்தக் கூரைதான். ஆடியில் மலையிலிருந்து இறங்கும் காற்றுக்கு நாலு வீட்டிலாவது ஷீட் உடையும்.

சென்ற ஆடியில் எங்கள் பின்கட்டில் ஒன்று உடைந்தது. மாற்ற வந்த பையன், நீளமான பழைய ஷீட் ஒன்றை முற்றத்தில் போட்டு மெஷினால் அறுக்க ஆரம்பித்தான். புகை மாதிரி தூள் கிளம்பிற்று. பக்கத்துக் கொடியில் என் பேத்தியின் துணிகள். பிரசவத்துக்கு வந்த மகள் அடுத்த அறையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துப்பா தம்பி!" என்றேன்.

"ரெண்டே நிமிஷம்க்கா. வெறும் சிமெண்டுத் தூசிதானே, கூட்டி அள்ளிடலாம்."

எங்கள் ஊரில் இலவம்பஞ்சு பறந்தால் கண்ணுக்குத் தெரியும், மூக்கைப் பொத்திக்கொள்வோம். கல்நார் இழையோ கண்ணுக்கே தெரியாத மெல்லிசு. நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிட்டால் கரையாது. நுரையீரல் இறுகி மூச்சு முட்டும் நோய் வரலாம். நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் மீஸோதீலியோமா என்ற புற்றுநோயும் வரலாம். அதுவும் 20, 30, 40 வருஷம் கழித்து! எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தூள் கூடக்கூட, நாள் கூடக்கூட ஆபத்தும் கூடும்.

இதையெல்லாம் சொன்னதும் பையன் மெஷினை நிறுத்தினான். தகரம் வாங்கி வந்து போட்டான். போகும்போது, "நாங்க தினம் இதைத்தானே அறுக்கறோம்க்கா" என்றான். எனக்குச் சுருக்கென்றது. அவன் வீட்டிலும் அந்தத் துணியைத் துவைக்க ஒரு பெண் இருப்பாளே!

1965-ல் வெளியான ஓர் ஆய்வில், லண்டன் பகுதியில் மீஸோதீலியோமா வந்த 76 பேரைப் பற்றி விசாரித்திருந்தார்கள். அவர்களில் 9 பேர் கல்நார் வேலையே பார்க்காதவர்கள். வீட்டில் இன்னொருவர் பார்த்தார். பெரும்பாலும், கணவரின் வேலைத்துணியைத் துவைத்த மனைவிகள்!

கல்நார்த் தொழிலாளரின் உடல்நலக் குறிப்புகளை 40 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று நம் சுப்ரீம் கோர்ட் 1995-ல் தீர்ப்பளித்தது. பல நாடுகள் கல்நாரைத் தடை செய்துவிட்டன. நம் நாட்டில் ஷீட் இன்னும் விற்பனையாகிறது. ஆகவே எச்சரிக்கை நம் கையில்தான்.

அதற்காகப் பயந்து இன்றே கூரையைப் பிரிக்க வேண்டாம். உடையாத ஷீட்டைத் தொந்தரவு செய்யாதவரை ஆபத்து குறைவு. அதை அறுப்பதும், துளை போடுவதும், பாசி போகத் தேய்ப்பதும் கூடாது. உடைந்ததை எடுக்கும்போது தண்ணீர் தெளித்து நனைத்து, மேலும் உடையாமல் இறக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிடுங்கள். தூளை விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் சேர்த்துப் பிளாஸ்டிக் பையில் கட்டிவிடுங்கள். உடைந்த துண்டு, பாண்டி விளையாடும் குழந்தைக்குச் சில்லாகிவிடக் கூடாது. புதுக் கூரை போடுவதானால் ஓடோ தகரமோ போதும்.

உங்கள் வீட்டு ஆண்கள் இந்த வேலைக்குப் போகிறவர்களானால், துணியை உதறாதீர்கள். நனைத்த பிறகே, தனியாகத் துவையுங்கள் சகோதரிகளே!