வாய்க்கால் வற்றினாலும் தழை தரும் மல்பெரி

எங்கள் பேட்டைப் பக்கம் வயலுக்கும் வரப்புப் புல்லுக்கும் நெல்லை கால்வாய்தான் ஆதாரம். பிசான அறுவடை முடிந்து கால்வாயில் தண்ணீர் நின்றால், கார் சாகுபடிக்கு மறுபடி வர ஜூன் ஆகிவிடும். அதுவும் பாபநாசம் அணையில் தண்ணீர் இருந்தால்தான். இடையில் தீவனம் இல்லாமல், சித்திரையில் ஆடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. எங்கள் நான்கு ஆடுகளை அப்படி விற்கவிடாமல் காப்பவை புறவாசல் வேலியோரம் நிற்கும் பதினைந்து மல்பெரி மரங்கள்.

மல்பெரி என்றாலே பட்டுப்புழு என்று நினைக்கிறோம். அதன் இலையில் புரதம் அதிகம்; ஆடு விரும்பித் தின்னும். தழைக்கு ஏற்றது மைசூரு பட்டு ஆராய்ச்சி நிலையம் 1997-ல் வெளியிட்ட வி-1 ரகம். பென்சில் பருமனில், மூன்று நான்கு கணு உள்ள முற்றிய குச்சியை வெட்டி, ஒரு கணு மட்டும் வெளியே தெரியும்படி நிழலில் ஊன்றினால் வேர்பிடிக்கும். மூன்று நான்கு மாதத்தில் எடுத்து நடலாம். தண்ணீர் தேங்கும் நெல் வயல் ஆகாது. மேடான இடம் வேண்டும்.

நான்கடி உயரம் வந்ததும் நுனியை வெட்டிவிட வேண்டும். பிறகு நான்கு நாளைக்கு ஒரு மரம் என்று முறைவைத்துக் கவாத்து செய்தால், கடைசி மரத்துக்கு வரும்போது முதல் மரம் சுமார் 60 நாள் தழையோடு தயாராக நிற்கும். வெட்டிய மரத்துக்குத் தொழுவுரமும் தண்ணீரும் கொடுத்தால் போதும். பழமும் புதுத் துளிரில்தான் வரும் என்பதால் வெட்டத் தயங்க வேண்டாம். தழையை மட்டும் கொடுக்காமல் வைக்கோலோடு சேர்த்தே கொடுக்கிறோம்.

நுனி இலை சுருண்டு, தடித்து, கரும்பச்சையாகத் தெரிந்தால் அது டுக்ரா. இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி சாறு உறிஞ்சுவதால் வருவது. இதைப் பார்த்து மரத்துக்கே கேடு என்று தூரோடு வெட்டிவிடுகிறார்கள். அந்த நுனிகளை மட்டும் கிள்ளி, பையில் போட்டுக் கொண்டுபோய் எரித்தால் போதும். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். அது இருக்கும் இடத்தில் மாவுப்பூச்சி பெருகும்.

பக்கத்து வயலில் மருந்தடித்திருந்தால், அந்தப் பக்கத்து மரத்தை அப்போது வெட்டாமல் முறையைத் தள்ளிப்போடுங்கள். இலையில் படிந்த மருந்து ஆட்டின் வயிற்றுக்குப் போய்விடும். மருந்தடிக்கும் முன்பு ஒரு வார்த்தை சொல்லும்படி அக்கம்பக்கத்தாரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.