பகலில் பேசிய உச்சிக்குடும்பன்

2024 பொங்கலன்று காலை, ரெட்டியார்சத்திரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு உச்சிக்குடும்பனை மறுபடியும் பார்த்தேன். பார்த்தது தொலைக்காட்சியில். அடுப்படியில் இருந்த மனைவியையும், திண்ணையில் கைபேசியோடு இருந்த மகளையும் ஒருசேரக் கூவி அழைத்தேன். பிடித்த நடிகர் திரையில் தோன்றினால்கூட அப்படிக் கத்துகிறவன் அல்லன் நான். என்னவோ ஏதோவென்று ஓடிவந்தவர்களுக்கு, ஒரு முழ நீளத் தோல்பொம்மையைக் கண்டதும் ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். அம்மா மட்டும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தோல்பாவைக்கூத்தைப் பார்த்திராத நண்பர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, மெலிதாக்கி, உருவம் வெட்டி, துளையிட்டுச் சாயம் ஏற்றிய பாவைகள். முன்னால் வெள்ளைத் திரை, பின்னால் விளக்கு. ஒளி தோலை ஊடுருவி வருவதால் திரையில் விழுவது கறுப்பு நிழலாக இராது, வண்ணத்தோடு விழும். இராமகதை பத்து இரவுகள் நடக்கும். இராமன், சீதை, இராவணன், அனுமன் எல்லோருக்கும் ஒரே மனிதர் குரல் கொடுப்பார். இதை நடத்தும் கணிகர் குடும்பங்களுக்கு வீட்டுமொழி மராத்தி. தஞ்சை மராட்டியர் காலத்தில் இங்கே வந்தவர்கள் என்பார்கள். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் அ.கா. பெருமாள் இவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கேரளத்தில் பகவதி கோயில் கூத்துமாடங்களில் கம்பராமாயணப் பாடல்களைச் சொல்லி நடத்தும் தோல்பாவைக்கூத்து வேறொரு மரபு. அதன் கலைஞர் இராமச்சந்திர புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் பக்கத்துக் கூத்தின் தனிச்சொத்து என்று நான் கருதுவது இரண்டு கோமாளிகளை: உச்சிக்குடும்பன், உளுவத்தலையன். வால்மீகியும் கம்பனும் அறியாத பாத்திரங்கள் இவர்கள். கதையின் எந்த இடத்திலும் நுழைவார்கள். எவரையும் எதுவும் கேட்பார்கள்.

1984 கோடையில் பழனி சாலையை ஒட்டிய புறம்போக்கில் ஒரு குடும்பம் கூடாரம் போட்டது. மழையில்லாத ஆண்டு. இராமகதை நடத்தினால் மழை வரும் என்ற நம்பிக்கையில் ஊரார் இடம் கொடுத்தார்கள். நுழைவுக்கட்டணம் நாலணா. பத்து இரவும் நான் போனேன். அசோகவனத்தில் சீதை அழுதுகொண்டிருக்கையில் உச்சிக்குடும்பன் உள்ளே வந்து, "அம்மா, ரேசன் கடையில சீமெண்ணெ போடுறாங்களாம், அழுகையக் கொஞ்சம் நிறுத்திக்கிட்டு வாறீயளா?" என்று கேட்டான். மூக்கால் இழுத்துப் பேசும் கீச்சுக்குரல். முன்வரிசையில் இருந்த ஊர்ப்பெரியவர்களையும் அவன் விடவில்லை. பகலில் எவர் முன் துண்டை இடுப்பில் கட்டி நிற்பார்களோ, அவர்களை இரவில் உச்சிக்குடும்பன் பெயர் சொல்லிக் கேலி செய்தான். கேலிக்கு ஆளானவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

நான்காம் நாள் பகலில் அவனைத் தேடிக் கூடாரத்தின் பின்பக்கம் போனேன். ஒல்லியான ஒரு மனிதர் கிழிந்த பாவையொன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். மனைவியிடம் எனக்குப் புரியாத மொழியில் ஏதோ சொன்னார். என்னிடம் பேசவோ மிகவும் கூச்சப்பட்டார். பத்து தலை இராவணனாக இரவெல்லாம் கர்ஜித்தவர் இவர்தான் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. உச்சிக்குடும்பனைக் காட்டச் சொன்னேன். பெட்டியைத் திறந்து எடுத்துக் கையில் கொடுத்தார். திண்டுக்கல்லுக்குப் போகும்போதெல்லாம் தோல்ஷாப்புகளைத் தாண்டும்வரை மூக்கைப் பொத்திக்கொள்கிற பையன் நான்; அந்தத் தோல்தானா இது என்றிருந்தது. நடுவே ஒரு குச்சி, சாயம் மங்கிய முகம், உச்சியில் குடுமி. பேசச் சொல்லுங்கள் என்றேன். அவர் சிரித்து, "பகல்ல அவன் பேசமாட்டான் தம்பி" என்றார்.

தொலைக்காட்சிக்கு வருகிறேன். கரும்புக்கட்டு, மண்பானை, மாவிலைத் தோரணம் எல்லாம் அமைத்த அரங்கம். தொகுப்பாளர் பட்டுப்புடவையில் இருந்தார். எதிரே புதுவேட்டியின் மடிப்புக் கலையாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார் நாற்பது வயதுக் கூத்துக்கலைஞர் ஒருவர். "இந்தக் கலை அழிஞ்சுக்கிட்டே வருதே, உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று தொடங்கினார் தொகுப்பாளர். "கஷ்டமாத்தான் இருக்குங்க" என்றார் அவர். அடுத்த தலைமுறை? "பையன் செல்போன் கடைக்குப் போறானுங்க." அரசு உதவி? "ஏதோ வருதுங்க." கேள்விகள் நீண்டுகொண்டே போயின, விடைகள் குறுகிக்கொண்டே வந்தன. எனக்கு அந்தப் பழைய கூச்சம் நினைவுக்கு வந்தது. அப்போதுதான் தொகுப்பாளர், "எங்க, ஒரு பொம்மையப் பேச வைங்க பாப்போம்" என்றார்.

அவர் குனிந்து பையிலிருந்து உச்சிக்குடும்பனை எடுத்தார். திரை இல்லை, விளக்கைப் பின்னால் வைக்கவும் வழியில்லை. ஆனால் அரங்க விளக்கொன்று எதிர்ப்புறமிருந்து பாவை மேல் பட, அந்தத் தோல் சட்டென்று சிவப்பும் பச்சையுமாக ஒளிர்ந்தது. நான் கத்தியது அப்போதுதான்.

"ஏந்தாயி, இந்தக் கரும்பு நெசமா, பிளாஸ்டிக்கா?" என்றான் உச்சிக்குடும்பன்.

அதே குரல். தொகுப்பாளர் உண்மையாகவே சிரித்தார். முதல்முறையாகக் கேள்வித்தாளைக் கீழே வைத்துவிட்டு, பாவையின் முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். அது நியாயம்தான். 1979 ஏப்ரல் 2-ஆம் தேதி அமெரிக்காவில் 'டுநைட் ஷோ' நிகழ்ச்சியை ஜானி கார்சனுக்குப் பதிலாகக் கெர்மிட் என்ற தவளைப்பொம்மை நடத்தியது. கையும் குரலும் ஜிம் ஹென்சனுடையவை. விருந்தினர்கள் உரையாடியது தவளையோடு. அங்கே பொம்மைக்காரர் மறைந்திருந்தார். இங்கே மறைவதற்கு ஒரு முழத் திரைகூட இல்லாமல், அத்தனை வெளிச்சத்தில், தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார் எங்கள் கலைஞர்.

நாணுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் (1020) வள்ளுவர், உள்ளத்தில் நாணம் இல்லாதவரின் நடமாட்டத்தைக் கயிற்றால் ஆட்டுவிக்கப்படும் மரப்பாவைக்கு ஒப்பிடுகிறார். நாண் என்ற சொல் அங்கே வெட்கமாகவும் கயிறாகவும் இரண்டு வேலை செய்கிறது. தோல்பாவைக்குக் கயிறு கிடையாது, குச்சிதான். ஆனால் அன்று அந்த ஒப்புமை எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. நாணம் முழுவதையும் மனிதர் தாமே வைத்துக்கொண்டு, நாணமற்ற பேச்சை மட்டும் பாவைக்குக் கொடுத்திருந்தார். தம் வாயால் கேட்க முடியாததை அவனை விட்டுக் கேட்கவைப்பதே அவருடைய தொழில். 1984-இல் ஊர்ப்பெரியவர்களைக் கேலி செய்தவனும் உச்சிக்குடும்பன் அல்லன், பகலில் என் போன்ற சிறுவனிடம்கூடத் தயங்கித் தயங்கிப் பேசிய அந்த ஒல்லி மனிதர்தான் என்பது இத்தனை காலம் கழித்தே எனக்கு உறைத்தது.

"உனக்கு ஏதாவது ஆசை இருக்கா?" என்று பாவையிடம் கேட்டார் தொகுப்பாளர்.

"ஆசையா? ஒரு சந்தேகந்தான் தாயி இருக்கு. அழியுது அழியுதுன்னு வருசா வருசம் பொங்கலுக்குக் கூப்புட்டுக் கேக்குறீங்க. சாப்பிட்டியாடான்னு ஒருத்தரும் கேக்கலையே?"

அரங்கம் சிரித்தது. தொகுப்பாளரும் சிரித்தார். கலைஞரின் உதடுகள் அசைந்ததைக் கண்டேன். கண்கள் பாவையின் மேலேயே இருந்தன. விளம்பர இடைவேளை வந்தது. இடைவேளை முடிந்தபோது அந்த நாற்காலியில் சமையல் கலைஞர் ஒருவர் அமர்ந்திருந்தார்.

எனக்கு மகிழ்ச்சி அடங்கவில்லை. உச்சிக்குடும்பன் உயிரோடிருக்கிறான், வாய்த்துடுக்கு குறையவில்லை, பகலிலும் பேசுகிறான் என்று மகளிடம் பத்து இரவுக் கதையையும் கொட்டினேன். கேட்டுவிட்டு அவள், "அந்தத் தாத்தா பேர் என்னப்பா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. உச்சிக்குடும்பனின் ஒவ்வொரு வசனமும் நினைவிருக்கிறது. குரல் கொடுத்தவரின் பெயரை அன்றும் கேட்கவில்லை. இன்று திரையின் அடியில் ஓடிய பெயரையும், பாவையைப் பார்த்த பரவசத்தில், படிக்கத் தவறியிருந்தேன்.

கூத்துக்காரர் மனைவி அந்த நாட்களில் காலையில் வீடுவீடாக வருவாள். வறட்சியிலும் அம்மா ஒரு படி சோளம் அளந்து போடுவாள். முந்தின நாள் கூத்தில் யாரைக் கேலி செய்தார்கள் என்று அவளிடம் விசாரித்துச் சிரிப்பாள். கூடாரம் பக்கமே அம்மா வந்ததில்லை. அறுவடையும் மாடும் விட்டால்தானே. உச்சிக்குடும்பனின் குரலை அவள் கேட்டது தெருவைத் தாண்டி வரும் இரைச்சலில்தான்.

சமையல்காரர் வெண்பொங்கலுக்கு நெய் ஊற்றிக்கொண்டிருந்தார். காது மந்தமாகிவிட்ட அம்மாவுக்குப் பேச்சு சற்றுத் தாமதமாகத்தான் எட்டும். இன்னும் திரையைப் பார்த்தபடியே, வாசலில் வந்து நிற்கும் ஒருவனைக் கேட்பதுபோலக் கேட்டாள்:

"ஏய்யா, சாப்பிட்டியா?"