கரிசல் வெடிப்புக்குள்ளே

கோவில்பட்டிப் பக்கம் ஒரு மானாவாரிச் சோளக்காடு. மழை நின்று பல வாரமாயிற்று. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்பில் கையை விட்டேன். அறுந்த வேர்கள் விரலில் பட்டன.

“மேல பாத்துட்டுக் காஞ்சுபோச்சுன்னு நெனைக்காதீய, அடியில ஈரம் கெடக்கு” என்று மம்பட்டியைப் போட்டார் காட்டுக்காரர். ஒரு சாண் ஆழத்தில் மண் குளிர்ந்திருந்தது. ஆனால் அந்த ஈரத்தைக் கரிசலின் களித்துகள்கள் இறுகப் பிடித்திருக்கின்றன. காயக் காய மண்ணும் சுருங்கும், வேரும் சுருங்கும். இரண்டுக்கும் நடுவே காற்று புகுந்துவிட்டால் தண்ணீர் வேருக்கு வந்து சேராது.

அந்த இடைவெளியைத் தாண்டுபவை வேர் உட்பூசணங்கள். உழவர்கள் வாயில் ‘வேம்’. சோளத் தூரைப் பிடுங்கி உதறினேன். மண் முழுதும் உதிரவில்லை. வேர்த்தூவிகளோடு பூசண இழைகளும் அதைப் பிணைத்திருந்தன. இழையின் தடிமன் பெரும்பாலும் 2 முதல் 10 மைக்ரோமீட்டர்தான். வேர்த்தூவி நுழையாத துளைக்குள்ளும் அது போகும். தண்ணீரைவிட மணிச்சத்தைக் கொண்டுவருவதில்தான் அதன் கை ஓங்கியிருக்கிறது; காய்ந்த மண்ணில் அந்தச் சத்து தானாக நகர்வது அரிது.

“கோடை உழவு இழையை அறுத்துவிடுமே அண்ணாச்சி?”

“உழாமப் போட்டா கோடை மழை எப்படி உள்ள எறங்கும்?”

பிறகு ஓர் ஆய்வுக்கூடத்தில், காரக் கரைசலில் வேகவைத்து ட்ரைபான் நீலமேற்றிய வேரை நுண்ணோக்கியில் பார்த்தேன். செல்லுக்குள் குட்டி மரங்களாகக் கிளைத்திருந்தது பூசணம். பண்டமாற்று அங்கேதான். செடி ஒளிச்சேர்க்கையில் சேர்க்கும் கார்பனில் 4 முதல் 20 சதவீதம்வரை பூசணத்துக்குப் போகிறது. “வறட்சி முத்தினா இலைத்துளை மூடிக்கும் சார், பூசணத்துக்கும் பட்டினி” என்றார் ஆராய்ச்சி மாணவி. வெளி இழைகள் மடியும். தடித்த சுவருள்ள வித்துகளும் காய்ந்த வேருக்குள் இருக்கும் கொழுப்புப் பைகளும் அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

அந்தக் காத்திருப்புக்கும் எல்லை உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரிசலில் நெடுநாள் தரிசு போட்ட வயல்களில் பயிர் நோஞ்சானாக வளர்ந்தது. வேரில்லாமல் பூசணம் அருகியதே காரணம் என்று ஆய்வாளர் ஜே. பி. தாம்சன் 1987-இல் காட்டினார். உழவை அறவே விட முடியாத கரிசல்காட்டில், வேம் உர மூட்டை வாங்குமுன் யோசிக்க வேண்டியது இதைத்தான்: ஒரு பருவம் தவறினாலும் நிலத்தை வெறுமையாக விடாமல், உளுந்தோ பாசியோ ஏதாவதொரு வேரை மண்ணில் வைத்திருப்பது.