வில்லுப்பாட்டு மேடையில் மிக்சர்: சில குறிப்புகள்

1956 நவம்பர் 1. விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் வில்லுப்பாட்டு, பாறசாலைப் பக்கம் வில்லடிச்சான் பாட்டு. மாடனும் இசக்கியும் இரு பக்கமும் உண்டு. கோயில் கொடை வந்தால் மைக் செட்டும் உண்டு. அந்த மைக் செட்டில் மிக்சருக்கு முன்னால் உட்காருபவரின் வேலையைப் பற்றித்தான் இந்தக் குறிப்புகள்.

*

மேடையில் இருப்பவை: வில், உடுக்கு, குடம், தாளம், கட்டை. நடுவில் புலவர், இரு பக்கமும் வலம்பாடிகள், இடம்பாடிகள். எட்டு சேனல் மிக்சர் தாராளமாகப் போதும். எட்டு சேனல் இருக்கிறதே என்று எட்டு மைக்கையும் திறந்து வைக்க வேண்டியதில்லை. திறந்த மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம், ஊளையிடுவதற்கு முன் நமக்குக் கிடைக்கும் சத்தத்தில் 3 டெசிபல் போய்விடும். வில்லுக்குத் தனி மைக் வேண்டாம். அதன் மணியோசை புலவரின் மைக்கிலேயே வேண்டிய அளவு வந்து விழும்.

*

மேலே இருக்கும் கெயின் திருகு, கீழே இருக்கும் ஃபேடர். இரண்டும் சத்தத்தைக் கூட்டுவதுபோலத் தோன்றும். ஆனால் வேலை வேறு.

பாடகர் வாயருகே பிடிக்கும் சாதாரண டைனமிக் மைக் தருவது சில மில்லிவோல்ட். மிக்சருக்குள்ளே சமிக்ஞை ஒரு வோல்ட்டை ஒட்டி ஓட வேண்டும். ஒரு மில்லிவோல்ட் ஒரு வோல்ட்டாக வேண்டுமென்றால் ஆயிரம் மடங்கு, அதாவது 60 டெசிபல். இந்தப் பெருக்கலைச் செய்வது கெயின். ஃபேடர் அதற்குப் பிறகு வருவது. யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுவது மட்டும்தான் அதன் வேலை. கெயினைக் குறைத்து வைத்துவிட்டு ஃபேடரை உச்சிக்குத் தள்ளினால் இரைச்சலும் கூடவே ஏறும். கெயினை மிகுதியாக வைத்தால் முதல் படியிலேயே அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும். அப்புறம் ஃபேடரை எவ்வளவு இறக்கினாலும் அந்தக் கரகரப்பு போகாது.

ஃபேடரைக் கீழே இறக்கு, அந்தச் சேனலை மட்டும் மீட்டரில் காட்டும் பி.எஃப்.எல். பொத்தானை அழுத்து, மீட்டரைப் பார்த்துக் கெயினைத் திருகு. சிவப்பு விளக்கு எரியக் கூடாது. இவ்வளவுதான் முறை. ஆனால் எந்தச் சத்தத்துக்கு வைப்பது? மைக் செட் பையன் சொல்லும் ‘ஒன், டூ, த்ரீ’க்கு வைத்துப் பயனில்லை. புலவர் காப்புப் பாடும் சத்தத்துக்கு வைத்தாலும் போதாது. காப்பு நிதானமானது. நீலி கதையில் பழிவாங்கும் இடமோ, இரவிக்குட்டிப்பிள்ளை போர்க்களத்தில் இறங்கும் இடமோ வந்துவிட்டால் உடுக்கு முடுகும், வீசுகோல் வில்லில் இறங்கும் வேகம் கூடும், குரவை எழும், யாருக்காவது அருள் வரும். மீட்டர் பத்து டெசிபல்கூட ஏறும். அந்த ஏற்றத்துக்கு முதலிலேயே இடம் விட்டு வைக்க வேண்டும். அருள் வந்த நேரத்தில் குரல் வெடித்துக் கரகரத்தால் கொடை நடத்துபவர்களுக்கு அது மனக்குறைதான். கதை தெரிந்தவரையே மிக்சரில் உட்கார வைக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். மீட்டர் காட்டுவது நடந்துகொண்டிருப்பதை மட்டும். அடுத்து வரப்போவது கதை தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

*

குடம். லோ-கட் பொத்தான் பெரும்பாலான மிக்சர்களில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டும். பாடுகிறவர்களின் சேனல்கள் எல்லாவற்றிலும் அழுத்தலாம். குடத்தில் மட்டும் வேண்டாம்; அதன் அடிச்சத்தமும் சேர்ந்து போய்விடும்.

ஆனால் தென்னையில் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கரில் எப்படியும் அந்த அடிச்சத்தம் வராது. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்தக் குழாயால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. பாஸ் திருகை ஏற்றினால் ஸ்பீக்கர் யூனிட்டின் உயிர்தான் போகும். குழாய் மட்டும் இருக்கும் இடத்தில் குடத்தின் தட்டலை மிட் திருகில்தான் பிடிக்க வேண்டும்.

*

“எனக்க சத்தம் எனக்குக் கேக்கல மக்கா.”

“இப்பம் பாருங்க அண்ணாச்சி.”

இந்தப் பேச்சு இல்லாத மேடை கிடையாது. பையனின் கை நேராக ஃபேடருக்குப் போகும். போக வேண்டியது ஆக்ஸ் திருகுக்கு. புலவரின் காலடியில் இருக்கும் மானிட்டர் பெட்டிக்கு அதுதான் வழி. ஆக்ஸை ப்ரீ-ஃபேடரில் வைத்திருந்தால் வெளியே நாம் கூட்டிக் குறைப்பது அவர் காதைத் தொடாது.

*

48 வோல்ட் பொத்தான். 1966இல் நோர்வே வானொலிக்காக நாய்மன் நிறுவனம் கண்டன்சர் மைக்குக்கு மின்சாரம் தரும் இந்த முறையைச் செய்தது. அங்கே அவசர விளக்குகளுக்கென்று ஏற்கெனவே 48 வோல்ட் ஓடிக்கொண்டிருந்தது, அதையே எடுத்துக்கொண்டார்கள். வில்லுப்பாட்டில் இது தேவைப்படுவது அபூர்வம். பாடற்குழுவுக்குக் கண்டன்சர் தொங்கவிடும் தேவாலயங்களில் வேண்டும். போடுவதற்கு முன் எல்லா ஃபேடரும் கீழே இருக்கட்டும்.

*

திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தின் கூரையில் ஒலிக்காக மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். துணியும் தகரமும் போட்ட கொடைப் பந்தலில் அந்த உதவி கிடையாது; எல்லாம் மிக்சரில்தான்.

*

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்: இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு விரும்பினால் ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம். கொடையில் முக்கியமானதெல்லாம் நள்ளிரவை ஒட்டித்தான். என் எண்ணம்: பத்து மணிக்குக் காத்திராமல், பாட்டு தொடங்கும்போதே குழாய்களை நிறுத்திவிட்டு, பந்தலைப் பார்த்து இரண்டு பெட்டி வைத்தால் போதும். கதை கேட்கிறவர்கள் பந்தலில்தான் இருக்கிறார்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் படுக்கையில் கிடக்கும் நோயாளியும் குழாய் பார்க்கும் திசையில் இருக்கிறார்கள்.

*

மிக்சரை முதலில் போடு, ஆம்ப்ளிஃபயரைக் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர் முதலில்.

ஃபேடர்களுக்குக் கீழே வெள்ளை டேப் ஒட்டி ‘புலவர்’, ‘உடுக்கு’, ‘குடம்’ என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைப்பது நல்லது. நள்ளிரவில் இடம் மாறி வந்து உட்காரும் பையன் எந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்று சொல்ல முடியாது.