ஓர் அங்குலத்தில் ஆறடி

பெரிய பொருளைச் சிறியதாக்கிக் காண்பதில் மனிதனுக்கு என்றுமே தீராத ஆவல் உண்டு. மரத்தால் செய்த சிறு தேரைத் தெருவில் இழுத்து மகிழ்ந்த பிள்ளைகள் நாம். கொலுப் படியில் ஓர் ஊரையே அடுக்கிக் காட்டிய தாய்மாரின் மக்கள் நாம். அந்த ஆவலின் பிற்கால வடிவங்களுள் ஒன்றுதான், பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் விமானத்தை ஒட்டி, வண்ணம் தீட்டி முடிக்கும் கைவேலை. அது எங்கள் இல்லத்தில் நுழைந்ததையும், அதனால் விளைந்த ஒரு மனத்தாங்கலையும், அது தீர்ந்த விதத்தையும் இம்மலரில் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

எங்கள் தந்தையார் வட ஆர்க்காட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கு வந்தவர். 1962 முதல் 1998 வரை விமானத் தொழிற்சாலையில் ரிவெட் அடிக்கும் பணியில் இருந்தார். இங்கிலாந்தில் பெட்டர் என்னும் பொறியாளர் வடிவமைத்த ‘நாட்’ என்ற சிறிய போர் விமானம், 1956இல் பெற்ற உரிமத்தின்படி பெங்களூரில் உருவாகி வந்த காலம் அது. 1965ஆம் ஆண்டுப் போரில் தன்னைவிடப் பெரிய சேபர் விமானங்களை எதிர்த்து நின்று அது புகழ் பெற்றது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் நிர்மல்ஜித் சிங் செகோன் போரிட்டு வீரமரணம் எய்தியதும், மறைவுக்குப்பின் பரம்வீர் சக்கரம் பெற்றதும் அவ்விமானத்தைச் செலுத்தியே.

ஆயினும் ஓய்வு பெற்றபின் தந்தையார் இவை பற்றி வாய் திறந்ததில்லை. எங்கள் மகனுக்கோ தமிழ் கேட்டால் விளங்கும். பேசுவது கன்னடமும் ஆங்கிலமும். ஒரே கூரையின் கீழ் இருந்தும் தாத்தாவுக்கும் பேரனுக்கும் இடையே பேசுவதற்கு ஒரு பொருள் இல்லாதிருந்தது.

2020ஆம் ஆண்டு ஊரடங்கில், பிறந்தநாள் பரிசாக வந்து கிடந்த பெட்டியைப் பையன் திறந்தான். உள்ளே இருந்தது நாட் விமானம். எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு; அதாவது ஆறடி மனிதன் ஓர் அங்குலமாவான். ஏறத்தாழ 6.76 மீட்டர் இறக்கை விரிவு ஒன்பது சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். தந்தையார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவ்வேலை பொறுமைக்கு ஒரு பள்ளிக்கூடம் என்பதை நாங்கள் அப்போதுதான் கண்டோம். உறுப்புகளைச் சட்டத்திலிருந்து நறுக்கும் முன் சோப்பு நீரில் கழுவ வேண்டும். அச்சின் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வண்ணம் பிடிக்காது. பசை பிளாஸ்டிக்கையே சற்று உருக்கி இரண்டையும் ஒன்றாக்குகிறது. எனவே மிகுந்தால் கேடு. மூக்கினுள் ஈயக் குண்டு ஒன்றை வைத்து மூட வேண்டும். இல்லையேல் விமானம் முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்துவிடும். வண்ணத்தை நீர்க்கக் கலந்து மெல்லிய பூச்சாகப் பூச வேண்டும். ஒன்று காய்ந்தபின்பே அடுத்தது. ஈரமான இடத்தைத் தூரிகையால் மீண்டும் தொட்டால் சுவடு விழுந்துவிடும். வெள்ளி வண்ணமோ அடியிலுள்ள சிறு கீறலையும் காட்டிக் கொடுத்துவிடும். கொலுப் பொம்மைகளுக்குப் பாட்டி வண்ணம் தீட்டும் மெல்லிய தூரிகையே பையனுக்கும் பயன்பட்டது.

மனத்தாங்கல் இறுதிக் கட்டத்தில் வந்தது. போர் விமானம் பழையதாகத் தோன்ற வேண்டுமென்று கருதிய பையன், இறக்கை ஓரங்களில் பழுப்பு வண்ணத்தால் துருவை வரைந்தான். தந்தையார் அதைக் கண்டார்.

“அலுமினியம் துருப்பிடிக்குமாடா?” என்றவர், ஈரத் துணியை எடுத்து அத்தனையையும் துடைத்துவிட்டார். “நாங்க தினம் சாயங்காலம் துணி போட்டுத் துடைச்சு வெச்ச விமானம் இது.”

இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. நாள் முழுதும் வரைந்ததை அழித்தால் பிள்ளை மனம் வாடாதா? தம் வாழ்நாள் உழைப்பின்மீது துருவை வரைந்தால் முதியவர் மனந்தான் பொறுக்குமா? இரண்டு நாட்கள் பையன் மேசைப் பக்கமே போகவில்லை. நாங்களும் எவர் பக்கம் பேசுவதென்று அறியாது வாளாவிருந்தோம்.

மூன்றாம் நாள் இரவு மேசை விளக்கு எரிந்தது. விமானியின் கண்ணாடிக் கூண்டுச் சட்டத்துக்குத் தந்தையார் தாமே வண்ணம் தீட்ட முயன்றுகொண்டிருந்தார். எண்பது வயதுக் கை நடுங்கியது. வண்ணம் கண்ணாடியில் வழிந்தது. பையன் எழுந்து வந்தான்; ஒன்றும் பேசாமல், காய்வதற்குள் நனைந்த பஞ்சால் அதை ஒற்றி எடுத்தான்.

“ரிவெட்டு ஒருத்தனால அடிக்க முடியாதுடா ராசா. வெளியே நான் அடிப்பேன். உள்ளே ஒருத்தன் இரும்புக் கட்டையை எதிர்ல அழுத்திப் பிடிப்பான். அவன் கை அசைஞ்சா என் வேலை கெட்டுச்சு. நீ இப்போ கட்டை பிடி.”

பையன் தாத்தாவின் மணிக்கட்டைத் தன் இரு கைகளாலும் தாங்கிக்கொண்டான். கோடு நேராக விழுந்தது.

சற்று நேரங்கழித்து அவன் கேட்டான், தமிழிலேயே கேட்டான்: “துப்பாக்கி சுட்டா புகை படியாதா தாத்தா?”

தந்தையார் சிந்தித்தார். “படியும். அது அழுக்கு இல்லே. அது வேலை செஞ்ச அடையாளம்.”

காற்று உட்புகும் வாய்களின் இருபுறமும் அவ்விமானத்துக்கு 30 மில்லிமீட்டர் துப்பாக்கிகள் இரண்டு உண்டு. அவ்விரு முனைகளுக்குப் பின்னால் மட்டும் பென்சில் கரித்தூளை உலர்ந்த தூரிகையால் மெல்லத் தடவினார்கள். பின்னர், பச்சை வளையமும் வெள்ளை வளையமும் சூழ நடுவே காவிப் பொட்டு விளங்கும் விமானப்படை முத்திரையை நீரில் நனைத்து, இறக்கையில் நகர்த்தி ஒட்டினார்கள். அன்றிரவு இருவரும் உறங்கச் செல்ல வெகு நேரமாயிற்று.

தந்தையார் 2022இல் மறைந்தார். ஆண்டுதோறும் நவராத்திரியில் அவ்விமானம் எங்கள் கொலுவின் கீழ்ப்படியில் நிற்கிறது. வருகிற விருந்தினரிடம் பையன் அதைக் காட்டி, “இது எங்க தாத்தா செஞ்சது” என்று தமிழில் சொல்கிறான். பொம்மையைச் சொல்கிறானா, விமானத்தையே சொல்கிறானா என்று நாங்கள் கேட்டதில்லை.