ஒடிந்த பாய்மரம்

ஞாயிறு பூசை முடிந்ததும் ஞானோபதேச வகுப்பு. மணப்பாட்டு மணல்குன்றின் மேல், திருச்சிலுவைக் கோயில் நிழலில் உட்கார்ந்திருப்போம். ஒருநாள் சாமி லத்தீன் பழமொழி ஒன்று சொன்னார். செபிக்கத் தெரியாதவன் கடலுக்குப் போகட்டும் என்று பொருள். 'ஒராரே' என்றால் செபிப்பது, 'மாரே' என்றால் கடல். இரண்டும் இயைந்து ஒலித்த அழகில் நாள் முழுக்க அதையே பாடித் திரிந்தோம். ஜார்ஜ் ஹெர்பர்ட் சேர்த்து 1640இல் வெளிவந்த ஆங்கிலப் பழமொழித் தொகுப்பிலும் இதே கருத்து இருப்பதைப் பின்னாளில் படித்தேன்.

உதாரணம் எங்கள் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பல் தலைவன் ஒருவன், உயிரோடு கரை சேர்ந்தால் ஒடிந்த பாய்மரத்திலேயே சிலுவை செய்து நடுவதாக நேர்ந்துகொண்டானாம். 1540இல் நட்டான் என்பார்கள். கோயில் எழுந்தது 1581இல்.

ராத்திரி தாத்தாவிடம் கேட்டேன். "கடல்ல பயந்தா செபம் வருமாமே, தாத்தா?"

வலை பொத்திக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "பயந்தா கை நடுங்கும்லே. பெறவு பாயை யாரு பிடிக்கது?"

அடுத்த கோடை விடுமுறையில் என்னையும் கட்டுமரத்தில் ஏற்றிக்கொண்டார். கடல்தண்ணீரைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டார், அதோடு சரி. திரும்பும்போது கச்சான் பிடித்தது. எங்கள் கரையில் அது நிலத்திலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும் காற்று. வீடு எதிரே தெரியும், மரமோ விலகிப் போய்க்கொண்டிருக்கும். கயிறு அறுத்துக் காய்த்துப்போன கட்டைவிரலில் பாய்க்கயிற்றைச் சுற்றிக்கொண்டு, வெடித்த பாதங்களை மரங்களுக்கிடையே ஊன்றி நின்றார். "கோயில் தெரியுதா, பாரு" என்றார். தூசி மறைத்தது. சற்றுக் கழித்து மறுபடி, "தெரியுதா?" அன்று பொழுது சாயும்வரை அவர் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு சொல்தான். திசைக்காகக் கேட்டாரா, வேறெதற்காகவுமா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இன்றைக்கும் அதை நான் செபமென்றே நினைக்கிறேன்.

அந்தப் பழமொழியைக் கட்டியவன் கரையில் காத்து நின்றவனாக இருக்க முடியாது. கடலுக்கே போகாத பாட்டிதான் எங்கள் வீட்டில் அதிகம் செபித்தவள். நாங்கள் கரையேறியபோது முழங்கால் அளவு தண்ணீரில் நின்றிருந்தாள். என்னை அணைக்கவில்லை, தாத்தாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வலக்கை விரல்கள் செபமாலையின் ஒரு மணியைப் பிடித்தபடியே இருந்தன. வீட்டுக்கு வந்து, ஈரச்சேலையோடு திண்ணையில் உட்கார்ந்து, மீதி மணிகளையும் சொல்லி முடித்த பிறகுதான் எங்களுக்குச் சோறு போட்டாள்.